கசாண்டேயின் குழாய்கள் – அத்தியாயம் 9

போன வாரம் டெம்வாவை விட்டுவிட்டு வந்தபோது அவள் கையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. மலைத் தொட்டியில் பிடித்த தண்ணீர். அசுத்தம் கலந்திருந்தால் நிறம் மாறிவிடும் பாட்டில் அது. விடிவதற்குள் மை மாதிரி கறுத்துப் போயிருந்தது.

கசாண்டேயில் காலரா எங்கிருந்து வருகிறது என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. புயல் மழையில் மலைச் சரிவு இடிந்து, மேலே குடியிருந்தவர்களின் கக்கூஸ் குழிகள் ஊற்றுக்குள் இறங்கியிருந்தன. அந்த ஊற்றுத் தண்ணீர்தான் குழாய் வழியாக ஊருக்கெல்லாம் வந்துகொண்டிருந்தது.

குழாயை மூட வேண்டும். மூடச் சொல்ல வேண்டியவள் டெம்வா. மாவட்ட சுகாதார அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் வருவதற்குள் பாலம் உடைந்துவிட்டது. ஆபீஸில் அடுத்த நிலையில் இருந்தவள் டெம்வா. மிஸூஸு நகரத்தில் நடந்துகொண்டிருந்த தலைமைப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தவளின் தலையில் மொத்த மாவட்டமும் விழுந்திருந்தது.

குழாய்ச் சங்கத்தின் தலைவர் சங்வானி. டெம்வாவின் கூடப் பிறந்த அண்ணன்.

அன்று காலை அவள் முதலில் போனது அவர் வீட்டுக்குத்தான்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. முற்றத்தில் மூங்கில் தட்டிகளின் மேல் உசிப்பா மீன் பரப்பியிருந்தார்கள். வாங்க ஆள் இல்லாமல் அது ஒரு வாரமாக அப்படியே கிடந்து நாறிக்கொண்டிருந்தது. சங்வானி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வா. சாப்பிட்டியா?"

"இல்லண்ணே. உங்ககிட்டப் பேசணும்."

"பேச வந்தவ மூஞ்சி இப்படி இருக்காது. கொழாய மூடணும்னு சொல்ல வந்திருக்க."

"பாட்டில் கறுத்துருச்சுண்ணே."

"கறுக்கட்டும். பாட்டிலையா குடிக்கப் போறோம்?"

டெம்வா சிரிக்கவில்லை. "ஸ்கூல் முகாம்ல படுத்திருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டேன். அத்தன பேரும் மலைக்கொழாய்த் தண்ணி குடிச்சவங்க. கீழ்த்தெருவுல கிணத்துத் தண்ணி குடிக்கிறவங்க ஒருத்தர்கூட இல்ல."

"சரி, மூடிட்டா ஜனங்க எதக் குடிக்கும்? அந்த ஒத்தக் கிணறு ஊருக்கே காணுமா? அதச் சொல்லு. உன் குளோரின் எங்க?"

"லாரி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. இங்க இருக்கிறது கொஞ்சம்தான். தொட்டியில கொட்டினா ஒரு வேளைக்குக் காணாது. குடத்துக்குக் குடம் போட்டா லாரி வர்ற வரைக்கும் தாக்குப் பிடிக்கலாம்."

"எந்தக் குடம்? எந்தத் தண்ணி?" சங்வானியின் குரல் தணிந்தது. "ஏரித் தண்ணியத்தான சொல்ற? அம்மா போன கரைக்குத்தான் ஊர்ப் பொம்பளைங்கள அனுப்பப் போற?"

டெம்வா ஏரிப் பக்கம் திரும்பினாள்.

அவர்களுடைய அம்மாவை ஏரிக்கரையில் முதலை இழுத்துக்கொண்டு போனது. டெம்வா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சங்வானி கரையில் இருந்தார், அடுத்த குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அதற்கப்புறம்தான் அவர் மலை ஏறி ஊற்றைத் தேடினார். ஊரைக் கூட்டி, குழி வெட்டி, குழாயைத் தோளில் சுமந்து இறக்கி, கசாண்டேயில் எந்தப் பெண்ணும் இனி ஏரியில் கால் வைக்க வேண்டாம் என்று ஆக்கியவர் அவர். அவர் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் இன்றைக்கும் நின்று முட்டி மடக்கி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

"அண்ணே, உங்க மேல யாரும் பழி போடல. மலை இடிஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? ஆனா நீங்க சொன்னாத்தான் ஊர் கேக்கும். நான் சொன்னா கேக்காது."

"ஏன் கேக்காது? மிஸூஸுல ஓட்டல்ல உக்காந்து, எப்படித் தலைமை தாங்கணும்னு படிச்சுட்டு வந்தவளாச்சே! டீயும் பிஸ்கட்டும் குடுத்துச் சொல்லிக் குடுத்தாங்களே, அத எடுத்து விடு. ஊரே உன் பின்னால வரட்டும்."

மூலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி நியொகாசே நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். பிறகு டெம்வாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சங்வானி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் மறுபடி பாத்திரத்துக்குக் குனிந்துகொண்டாள்.

"கூட்டம் போடு," என்றார் சங்வானி. "மீன் மார்க்கெட்ல போடு. நீயும் சொல்லு. நானும் சொல்றேன்."

கதவு நிலையை விட்டு அவர் கையை எடுக்கவேயில்லை. டெம்வா அதைக் கவனிக்கவில்லை.

* * *

பயிற்சியில் இதே மாதிரி ஒரு கூட்டத்தை நடித்துப் பார்த்திருந்தார்கள்.

வேறு வேறு மாவட்டங்களிலிருந்து வந்த டாக்டர்களும் நர்ஸ்களும் சுகாதார ஆய்வாளர்களும் கோபக்கார ஊர்க்காரர்களாக வேஷம் போட்டார்கள். ஒருவர் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து கத்தினார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டெம்வாவின் முறை முடிந்ததும், பயிற்சி நடத்திய திருமதி முசுக்வா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள நீ பதில் சொல்ல ஆரம்பிச்சிடற டெம்வா."

மீன் மார்க்கெட் கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை.

பெஞ்சுகளில் ஆண்கள். முன்னால் கிராமத் தலைவர். அவர் பக்கத்தில் சங்வானி. கொட்டகைக்கு வெளியே, தூறலில், குடத்தோடு பெண்கள்.

டெம்வா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் பேச விட்டாள். பேசினார்கள். நீங்கள் வந்து மருந்து தெளித்த பிறகுதான் நோய் அதிகமாயிற்று என்றான் ஒருவன். பிணத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுக்கிறீர்களே, அதற்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்றான் இன்னொருவன். முந்தின நாள் மனைவியைப் பறிகொடுத்தவன் எழுந்து நின்றான். பேச வரவில்லை. நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அவள் பாட்டிலை உயர்த்திக் காட்டினாள்.

"மையை ஊத்திக் கொண்டு வந்திருக்கா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மை இல்லங்க. நம்ம தொட்டித் தண்ணிதான். இதே மாதிரி பாட்டில் தர்றேன், நீங்களே புடிங்க. நாளைக்கு உங்க கையிலயே கறுக்கும். இந்தத் தண்ணிய இன்னொரு நாள் குடிச்சா இன்னும் எத்தன பேரத் தூக்கப் போறோம்னு எனக்குத் தெரியல."

யாரோ "பாத்துடலாமே" என்றார். டெம்வாவுக்கு மூச்சு வந்தது.

அப்போது சங்வானி எழுந்தார். கொட்டகை ஓரத்துக் குழாயடிக்கு நடந்து போனார். தகரக் குவளையைக் கழுவினார். விளிம்பு வரைக்கும் பிடித்தார். எல்லோரும் பார்க்கத் தூக்கி, கடகடவென்று, கடைசிச் சொட்டு வரை குடித்தார். குவளையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"எங்கம்மாவக் குடுத்து வாங்கின தண்ணி இது," என்றார். "இத யாரு மூட வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரணும். என் தங்கச்சியா இருந்தாலும் சரி."

கொட்டகையே எழுந்து கத்தியது. பெஞ்சுகள் உருண்டன. கூட்டம் முடிந்துவிட்டது.

நோய்க் கணக்கெடுக்கும் கொமெஸ்கானி அவள் பக்கத்தில் வந்து நின்றார். மாவட்ட ஆபீஸில் தலை நரைத்தவர் அவர்தான். "மேடம், போலீஸக் கூப்பிடலாமா?"

"இருக்கறதே ரெண்டு போலீஸ் சார். ஒருத்தர் ஸ்கூல்ல படுத்திருக்காரு. இன்னொருத்தர் அதோ, எங்கண்ணனுக்குக் கை தட்டிட்டிருக்காரு."

* * *

ஊரில் போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் சர்ச் படிக்கட்டு. டெம்வா அங்கே போய் உட்கார்ந்தபோது போன் தானாகவே அடித்தது.

அவள் மறந்தே போயிருந்தாள். பயிற்சிக்காரர்கள் வாரம் ஒருமுறை போனில் கூடிப் பேசும் நாள் அது. ஆளுக்குக் கொஞ்ச நேரம். அவரவர் ஊரில் என்ன சிக்கல், அதில் தலைவராக நீங்கள் என்ன செய்தீர்கள். தெற்கு மாவட்டத்துக்காரர் ஒருவர் தடுப்பூசி ஃபிரிட்ஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தன் கீழ் இருப்பவர்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்ததில் தனக்கு மிகுந்த மன நிறைவு என்றார்.

"டெம்வா, லைன்ல இருக்கியா?" திருமதி முசுக்வாவின் குரல். "உன் முறை."

"நான் தோத்துட்டேன் மேடம்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அழுதுடு. நாங்க இருக்கோம். அழுதுட்டுச் சொல்லு."

சொன்னாள். பாட்டில், கூட்டம், அண்ணன் குடித்த தண்ணீர். ஃபிரிட்ஜ்காரர் "கடவுளே" என்று முணுமுணுத்தது மட்டும் கேட்டது.

"கூட்டத்துல யார் யார் பேசினாங்க?" என்றார் திருமதி முசுக்வா.

"எங்கண்ணன். கிராமத் தலைவர். மீனவங்க சில பேரு."

"யாரு பேசல?"

டெம்வாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "இது கிளாஸ் இல்ல மேடம்! இங்க ஜனங்க செத்துட்டிருக்காங்க. கேள்வி கேட்டு நானே கண்டுபிடிக்கற வெளையாட்டுக்கு எனக்கு நேரமில்ல. என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதும்மா. நான் கசாண்டேய பாத்ததே இல்ல. தெரியாததனாலதான் கேக்கறேன். யாரு பேச..."

லைன் அறுந்துவிட்டது.

அவள் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எரிச்சல் அடங்கவில்லை. ஆனால் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கூட்டம் முழுக்க அவள் கண் அண்ணன் மேலேயே இருந்தது. அவரை ஜெயித்தால் ஊரை ஜெயித்த மாதிரி என்று நினைத்திருந்தாள். தூறலில் குடத்தோடு நின்றவர்களை அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் தூக்குகிறவர்கள் அவர்கள்தான்.

* * *

சிகிச்சை முகாம் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. பெஞ்சுகளை அடுக்கிவிட்டு, நடுவில் ஓட்டை போட்ட கட்டில்களைப் போட்டிருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு வாளி, தலைமாட்டில் ஒரு வாளி. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பெண், தாயோ மனைவியோ மகளோ, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தாள்.

டெம்வா வராந்தாவில் ஒரு காலி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"மலைக்கொழாய மூடிட்டா நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க?"

ஒருத்தி, மகனைக் கட்டிலில் போட்டிருப்பவள், கசப்பாகச் சிரித்தாள். "இப்பத்தான் எங்கள கேக்கணும்னு தோணிச்சா?"

"ஆமா. இப்பத்தான் தோணிச்சு. சொல்லுங்க."

"ஏரிக்குப் போவோம். வேறெங்க போறது?"

"முதலை?"

"முதலை ஒருத்தியத்தான் தூக்கும். இது வீட்டோட தூக்குது."

இன்னொருத்தி ஈரத் துணியை உதறினாள். "கரையில மொண்டாத்தானடி முதலை? வாங்க ஆளில்லன்னு படகையெல்லாம் ஏத்திப் போட்டுட்டு வூட்டுல தூங்கறானுங்களே! டிரம்ம ஏத்திக்கிட்டு ஆழத்துக்குப் போய் மொண்டாரட்டும். நடு ஏரியில சேறும் இல்ல, முதலையும் இல்ல. மார்க்கெட் படிக்கட்டுல எறக்கட்டும். அங்க வெச்சு இவ மருந்து போடட்டும். நாம குடத்துல வாங்கிப்போம்."

"உம் புருஷன் போவானா?"

"போகலன்னா இன்னிக்கு அவனுக்குக் களி கிடையாது."

வராந்தா முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த இடத்தில் கேட்ட சிரிப்பு. டெம்வாவும் சிரித்தாள். இவ்வளவுதானா? இதைக் கேட்கவா இத்தனை பேரைப் புதைத்தோம்?

பேசப் பேசத் திட்டம் உருவானது. எந்தப் படிக்கட்டில் யார் நிற்பது, மருந்து போடத் தெரிந்தவள் யார், பிணம் விழுந்த வீடுகளுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். பேச்சு ஒரே இடத்தில் முட்டி நின்றது.

"வால்வ எப்படி மூடறது? சங்வானி உயிரோட இருக்கற வரைக்கும் விடமாட்டாரே."

வாசலில் நிழல் ஆடியது. நியொகாசே நின்றிருந்தாள். நனைந்து, மூச்சு வாங்க. இடுப்பில் சுற்றியிருந்த சிடெஞ்சேத் துணியின் முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்தாள்.

"வால்வுக் குழியோட பூட்டுச் சாவி," என்றாள். "இன்னொண்ணு அவர்கிட்ட இருக்கு. அவரு மேல போயி, மூடி மேல உக்காந்திருக்காரு. கையில வெட்டுக்கத்தி."

"அண்ணி..."

"காலையில சொல்ல வந்தேன் டெம்வா. சொல்ல விடல. விடியறதுக்கு முன்னாலேர்ந்து வயித்தால போயி, புதருக்கும் வீட்டுக்குமா நடக்கறாரு. அந்தத் தண்ணியத் தூக்கிக் குடிச்சாரே, அப்ப அவருக்குக் கால் நிக்கல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மரம் மாதிரி நின்னாரு." அவள் குரல் உடைந்தது. "செத்துருவாரு டெம்வா. மானத்துக்காகச் செத்துருவாரு."

* * *

மலை வழுக்கியது. முன்னால் நியொகாசே. பின்னால் டெம்வாவும் நாலைந்து பெண்களும்.

தொட்டிக்குக் கீழே வால்வுக் குழியின் சிமெண்டு மூடி மேல் சங்வானி கிடந்தார். உட்கார்ந்திருந்தவர் சரிந்திருக்கிறார். கண்கள் குழிக்குள் போய்விட்டன. கன்னம் ஒட்டியிருந்தது. காலையில் பார்த்த மனிதர் இல்லை. வெட்டுக்கத்தி கொஞ்ச தூரத்தில் சேற்றில் கிடந்தது.

டெம்வா மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி தட்டுப்படவில்லை. கழுத்தில் பிடித்தாள். நூல் மாதிரி ஓடியது.

"அண்ணே! அண்ணே, நான்தான்."

அவர் உதடு அசைந்தது. "மூடாத."

"பேசாதீங்கண்ணே."

"மூடாத டெம்வா... அங்க..." கை சிமெண்டு மூடியின் விளிம்பைத் தேடிப் பற்றியது. "அங்க... போயிரும்..."

"நெனவு தப்பிருச்சு," என்றாள் ஒருத்தி.

"நெனவு தப்பினாலும் பிடிவாதம் தப்பலையே," என்று அழுதபடி நியொகாசே கணவனின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். ஆளைத் தூக்கிப் புல்லில் கிடத்தினார்கள். பூட்டைத் திறந்தார்கள். துருப்பிடித்த சக்கரம் அசைய மறுத்தது. டெம்வாவும் நியொகாசேயும் எதிரெதிரே குந்தி, முழுப் பலத்தையும் போட்டுத் திருகினார்கள். அது முனகிக்கொண்டே திரும்பியது. குழாய்க்குள் ஓடிய சத்தம் மெலிந்து, நின்றது.

டெம்வாவுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அந்த மாதிரி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

சிடெஞ்சேத் துணிகளை மூங்கிலில் கட்டி, தூளி மாதிரி ஆக்கி, அவரைச் சுமந்து இறக்கினார்கள். வழியெல்லாம் அவர் அதையே முனகிக்கொண்டு வந்தார். மூடாத. அங்க போயிரும். யாரும் காது கொடுக்கவில்லை.

* * *

முகாமில் நர்ஸ் இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, சலைன் பாட்டிலைக் கையால் பிழிந்து பிழிந்து ஏற்றினாள். ஒன்று முடிந்தது, இன்னொன்று முடிந்தது. சங்வானியின் மணிக்கட்டில் நாடி திரும்பியது.

அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. குழாய்கள் காற்றை ஊதிவிட்டு ஓய்ந்திருந்தன. பள்ளிக்கூட வாசலில் காலிக் குடங்களோடு ஜனம் சேர்ந்துவிட்டது. "யாருடி மூடினது? அவள வெளிய வரச் சொல்லு!"

"நான்தான்டா மூடினேன்!" நியொகாசே வாசலுக்கு நடந்தாள். "என் புருஷன் உள்ள கெடக்கறாரு. வந்து பாருங்க. மத்தியானம் அவரு குடிச்ச தண்ணிக்குக் கை தட்டினீங்கள்ல? வந்து பாத்துட்டு இப்பவும் தட்டுங்க!"

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. போகவில்லை. ஆனால் பின்வாங்கியது.

உள்ளே சங்வானி கண் திறந்தார். நினைவு தெளிந்திருந்தது. தங்கையைப் பார்த்தார்.

"மூடிட்டீங்களா?"

"மூடிட்டோம்ணே. இனி பயமில்ல. படகுல தண்ணி வருது."

அவர் முகம் அழுகைக்குக் கோணியது. அழ அந்த உடம்பில் தண்ணீர் இல்லை.

"வெஸி," என்றார்.

வெஸி, சங்வானிக்கும் நியொகாசேக்கும் ஒரே மகள். மலைக்கு அந்தப் பக்கத்து விரிகுடாவில், பெண்கள் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள்.

"வெஸிக்கு என்னண்ணே?"

"லீவுக்கு வந்தப்ப சொன்னா. பிள்ளைங்க தண்ணிக்கு ஏரியில எறங்குதுங்களாம். எனக்குத் தூக்கமே வரல டெம்வா. ஊத்துலேர்ந்து தனியா ஒரு கொழாய் இழுத்தேன். மலையச் சுத்தி, அந்த ஸ்கூலுக்கு. சங்கத்துல சொல்லல. நம்ம தண்ணிய உன் பொண்ணுக்கு எடுத்துட்டுப் போறியான்னு கேப்பாங்க."

டெம்வா அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அது எங்க பிரியுது? வால்வுக்கு மேலயா, கீழயா?"

"மேல. ஊர்க்கொழாய் ஓடிட்டிருந்தா அங்க சொட்டுத்தான் போகும். அதையும் பிள்ளைங்க துணி அலசத்தான் வெச்சுக்கும். இத மூடினா..." மூச்சு வாங்கினார். "மொத்தமும் அங்க போயிரும். அதத்தான் சொன்னேன். மலை மேல, அதத்தான் சொன்னேன்."

பின்னால் ஏதோ விழுந்து உருண்டது. டெம்வா திரும்பினாள். நியொகாசே நின்றிருந்தாள், கையிலிருந்த வாளி தரையில். எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை.

டெம்வா விடுதிப் பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் போட ஆளை ஓட விட்டாள். ஆள் திரும்பி வந்தான். போன் போகவில்லை, அந்த விரிகுடாவில் சிக்னல் கிடையாது.

"கொமெஸ்கானி சார்! ஆளுங்களக் கூட்டிட்டு ஊத்துக்குப் போங்க. வால்வையெல்லாம் தேடாதீங்க, கொழாயவே வெட்டிப் போடுங்க. நர்ஸ், முகாம் உங்க பொறுப்பு. என்னைக் கேக்காதீங்க, நீங்களே முடிவு பண்ணுங்க. நான் படகுல ஸ்கூலுக்குப் போறேன்."

"நானும் வர்றேன்," என்றாள் நியொகாசே.

வாசலில் கூச்சல் மறுபடி உயர்ந்துகொண்டிருந்தது. யாரோ வேலியை உலுக்கினார்கள். மார்க்கெட் படிக்கட்டில் முதல் படகு டிரம்களோடு வந்து நிற்கும் நேரம். அங்கே அடிதடி ஆனால் ஊர் திரும்பி மலைக்குப் போகும், வால்வைத் திறக்கும். இந்தக் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஒரே ஆள் நியொகாசே. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"அண்ணி." டெம்வா அவள் முன்னால் போய் நின்றாள். "நீங்க இங்க இருக்கணும்."

"அவ என் பொண்ணு டெம்வா."

"தெரியும் அண்ணி."

"உனக்குப் புத்தி இருக்கா? என்கிட்டயா கேக்கற? என்கிட்டயா?"

"வேற யார்கிட்டயும் கேக்க முடியாது அண்ணி. அவங்க நீங்க சொன்னாத்தான் நிப்பாங்க."

நியொகாசே கையை ஓங்கினாள். டெம்வா நகரவில்லை. ஓங்கிய கை டெம்வாவின் தோளைப் பிடித்து நகம் பதிய இறுக்கியது.

"போனதும் மொதல்ல அவளப் பாரு. மத்ததெல்லாம் அப்புறம். அவள மொதல்ல. சத்தியம் பண்ணு."

"சரி அண்ணி," என்றாள் டெம்வா. பொய் என்று தெரிந்துதான் சொன்னாள். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் யாரை முதலில் பார்ப்பது என்று அவள் கையில் இல்லை. நியொகாசேக்கும் அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும். தோளை விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

* * *

மழைக்குப் பின் ஏரி கொந்தளித்தது. மோட்டார் படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி விழுந்தது. டெம்வாவின் மடியில் ஒரு குளோரின் டப்பா, ஒரு பை நிறைய உப்புச் சர்க்கரைப் பொட்டலம். ஊரில் இருந்ததில் அவள் எடுத்துக்கொண்டு வந்த பங்கு இவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாமோ? எடுத்திருந்தால் மார்க்கெட் படிக்கட்டில் காலியாகியிருக்கும். கணக்கு எப்படிப் போட்டாலும் யாருக்கோ இல்லாமல் போனது.

வால்வை மூடி எவ்வளவு நேரம் இருக்கும்? மலையைச் சுற்றித் தண்ணீர் வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? சேறாக வந்திருந்தால் பிள்ளைகள் முகம் சுளித்து ஒதுக்கியிருக்கும். சேறாக வந்திருக்கட்டும், கடவுளே, சேறாக வந்திருக்கட்டும்.

"வேகமா போங்கண்ணே!"

"இதுக்கு மேல போனா கவுந்துரும்மா," என்றார் படகுக்காரர்.

பாறையைச் சுற்றியதும் பள்ளிக்கூடம் தெரிந்தது. மாலை வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. மைதானத்தில் நீலப் பாவாடைகள் குழுமியிருந்தன. சின்னப் பிள்ளைகள் ஈரத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியை ஒருத்தி நனைத்துக்கொண்டு, வரிசையில் இடித்துக்கொண்டு, பாடிக்கொண்டு. யாரோ படகைப் பார்த்துவிட்டார்கள். கைகள் உயர்ந்து அசைந்தன.

"குடிக்காதீங்க!" டெம்வா எழுந்து நின்று கத்தினாள். "யாரும் குடிக்காதீங்க!"

மோட்டார் சத்தத்தில் குரல் காணாமல் போனது. பிள்ளைகள் இன்னும் உற்சாகமாகக் கையை அசைத்தார்கள்.

"மோட்டார நிறுத்துங்க! நிறுத்துங்க!"

படகுக்காரர் நிறுத்தினார். விரிகுடா சட்டென்று அமைதியானது. பாட்டும் சிரிப்பும், அதற்கு அடியில் வேகமாகக் கொட்டும் தண்ணீரின் சத்தமும் தெளிவாகக் கேட்டன.

ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தாள். தலை நனைந்து, முகம் நனைந்து, சட்டையெல்லாம் நனைந்து. அத்தையை அடையாளம் கண்டுகொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள் வெஸி.

"அத்தே! அப்பா போட்ட கொழாயில தண்ணி வந்துருச்சு அத்தே! கண்ணாடி மாதிரி வருது! எல்லாரும் வயிறு முட்டக் குடிச்சோம்!"